வாயாடீஸின் அண்ணன்

தமிழோ தங்கச்சி? நினைச்சன். விக்டோரியாவில ஏறேக்கை போனில "ஓம் அம்மா, பஸ்ஸில ஏறிட்டன்" எண்டு சொன்னது கேட்டது. பின்னுக்கு நிறைய சீற் வெறுமையாத்தான் கிடக்கு, ஓம். ஆனா எங்கட ஆள் ஒண்டு இருக்கேக்கை பின்னுக்குப் போய்த் தனிய இருந்து என்ன செய்யிறது? பயப்பிடாதையுங்கோ. நான் கதைச்சுக்கொண்டு வருவன், அவ்வளவுதான். இந்தப் பையை மட்டும் மடியில வைச்சிருக்கிறன். மேல வைச்சா நசிஞ்சுபோம்.

உங்கட போனில இருந்த அந்த ரிக்கெட்டின்ர படத்தைக் கண்டுதான் இஞ்ச வந்து இருந்தனான். பெர்மிங்காமில பின்னேரம் பாட்டுக்குப் போறியள், என்ன? யதுஷாவின்ர பாட்டு. என்ர முகத்தை ஒருக்கால் வடிவாப் பாருங்கோ. அதே மூக்கெல்லோ? அவள் என்ர தங்கச்சி. கூடப்பிறந்தவள். அவளின்ர பாட்டுக் குழு வாயாடீஸைத் தெரிஞ்ச ஆரைக் கேட்டாலும் ரூபனைத் தெரியும். வாயாடீஸின்ர அண்ணன்.

ஆ, கேள்விப்பட்டிருக்கிறியள். ஏன் முகம் மாறுது? இன்டர்நெட்டில கிடக்கிறதெல்லாம் புளுகு தங்கச்சி, உங்களாணை. ஆரார் எழுதினவை? அண்டைக்கு அந்த இடத்திலயே நிக்காத ஆக்கள். நான் நிண்டனான். பெர்மிங்காம் போறதுக்குள்ள முழுக்கச் சொல்லுறன், கேட்டுப்போட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ.

எங்கட அப்பா ஊரில சண்டையில செல் விழுந்து செத்தவர். அம்மாவும் நானும் கைக்குழந்தையா இருந்த யதுவும் லண்டன் வந்து சேரேக்கை எனக்கு மீசை அரும்பேல்லை. அண்டையில இருந்து அவளுக்கு அப்பா நான்தான். ஈஸ்ட்ஹாமில ஒரு இறைச்சிக் கடையில நிண்டு எலும்பு வெட்டி வளத்தனான். இந்தக் கையைப் பாருங்கோ. ஆட்டுத் துடையை ஒரே வெட்டில இரண்டாக்குவன். என்னை அப்பா அடிச்சு வளத்தவர், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? இந்தச் சின்ன விரல் மட்டும் மடக்கேலாது. அது ஒண்டும் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

யதுவுக்குப் பள்ளிக்கூடத்தில இரண்டு கூட்டாளியள். ஒருத்தி ஜெனிற்றா, பாசையூர் ஆக்கள், நாக்கு சவரக்கத்தி. மற்றவள் கேஷா, ஜமேக்காப் பிள்ளை, எங்கட வீட்டுக்கு மூண்டு வீடு தள்ளி. பின்னேரமானா மூண்டும் எங்கட குசினிக்குள்ள. கேஷா சட்டியைக் கவிட்டு வைச்சு அகப்பையால தட்டுவாள், மற்ற இரண்டும் பாடும். தமிழும் இங்கிலீசும் கலந்து, ஒருத்தி விட்ட இடத்தில மற்றவள் பிடிச்சு. அம்மா சோறு வடிச்சுக்கொண்டு "வாயாடியள், வாயை மூடுங்கோடி" எண்டு கத்துவா. அதுதான் பேர். வாயாடீஸ். வெள்ளைக்காரர் "வயாடீஸ்" எண்டுவினம், ஏதோ வைன் போத்தலின்ர பேர் மாதிரி.

சும்மா சொல்லக்கூடாது, யதுவுக்குக் குரல் கிடந்தது. காது கிடந்தது. ரோட்டில போற அம்புலன்ஸ் என்ன சுருதியில கத்துது எண்டு சொல்லுவாள். இறைச்சிக் கடையில அவளின்ர குரலை போனில போட்டுக் கேட்டுக்கொண்டு வெட்டுவன். கண் கலங்கும். ஓம், எனக்குத்தான், ஏன் சிரிக்கிறியள்? சரி, சிரிக்கேல்லை.

முதல்முதல் ஆக்களுக்கு முன்னால பாடினது இல்ஃபோர்ட்டில ஒரு சாமத்திய வீட்டில, பிள்ளை பெரிசானதுக்கு வைக்கிற கொண்டாட்டம். எங்கட இறைச்சிக் கடைக்காரற்ற மகளின்ர. பெரிய ஹோல், பல்லாக்கு, மேல தொட்டுக்கொண்டு நிக்கிற கேக். பிள்ளையள் மூண்டும் மேடையில. நான் மேடைக்குக் கீழ, கையைக் கட்டிக்கொண்டு. நல்லாத்தான் போனது. அப்ப ஓரத்து மேசையில கொஞ்சப் பொடியள், வயித்துக்குள்ள தண்ணி போயிட்டுது, அதில ஒருத்தன் எழும்பி யதுவைப் பாத்து விசிலடிச்சான்.

விசில் தங்கச்சி! என்ர தங்கச்சியைப் பாத்து!

நான் ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை. கதிரையைத் தூக்கினன். அது அவன்ர தோளிலதான் பட்டது. முறியிற சத்தம் கேட்டது, கதிரையோ எலும்போ தெரியேல்லை. பிறகு அவன்ர சித்தப்பன் வந்தான், அவன்ர மூக்கு இந்தக் கையில. பிறகு பிள்ளையின்ர மாமன்மார் வந்தினம், ஆருக்கு ஆர் அடிக்கிறது எண்டு தெரியாமல் எல்லாரும் எல்லாருக்கும். கேக் விழுந்தது. ஒருத்தன்ர முகத்தை அந்தக் கேக்குக்குள்ள வைச்சு நான் அமத்தினது எனக்கு ஞாபகம், இனிப்பா மணத்தது. சாமத்தியப்பட்ட பிள்ளை சீலையோட மேசைக்குக் கீழ இருந்து குளறி அழுகுது.

ஆனா கேளுங்கோ, இதுதான் விசயம். மேடையில அதுகள் மூண்டும் நிப்பாட்டேல்லை! கதிரை பறக்குது, ரத்தம் தெறிக்குது, யது கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாப் பாடுறாள். கேஷா தட்டுறாள். ஜெனிற்றா மைக்கைப் பிடிச்சபடி என்னைப் பாத்து முறைச்சுக்கொண்டு பாடுறாள். ஆரோ ஒரு பொடியன் அதைப் போனில எடுத்து விட்டிட்டான். உலகம் முழுக்கப் பாத்தது. இப்ப சொல்லுங்கோ. நான் அண்டைக்கு அடிக்காட்டி வாயாடீஸ் எண்டா ஆருக்குத் தெரியும்? ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டினம். ஒரு பேட்டியில கூடச் சொல்லேல்லை.

அந்த வீடியோவைப் பாத்துத்தான் டெரெக் வந்தவன். பாட்டுக் கொம்பனிக்காரன். மொட்டைத் தலை, பல்லு முழுக்கச் சிரிப்பு. எங்கட வீட்டுக்கு வந்து கையால சோறு திண்டான், கண்ணால தண்ணி ஓட ஓட. அம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு. எனக்கும் முதல்ல பிடிச்சது. "நீங்கள்தான் வான் ஓடவேணும், பிள்ளையளைப் பாக்கவேணும்" எண்டான். நான் கடையை விட்டன். கறுப்பு ஜக்கெற் ஒண்டு வாங்கினன்.

முதல் பாட்டு உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாம் இங்கிலீஷ், நடுவில மட்டும் தமிழ். "இரண்ணா இரு, கையைக் கீழ விடு." அது என்னைப் பற்றின பாட்டு தங்கச்சி! டெரெக் அந்தத் தமிழ் வரியை எடுக்கச் சொன்னவன். யது, மாட்டன், அது இல்லாட்டிப் பாட்டே வேண்டாம் எண்டிட்டாள். அவ்வளவு பாசம். எந்தத் தங்கச்சி அண்ணனுக்குப் பாட்டுக் கட்டுறாள், சொல்லுங்கோ. றேடியோவில போட்டவை. காலமை டீவியில பாடினவை. நியூகாசிலில ஒரு ஹோலில வெள்ளைப் பொடியள் பெட்டையள் எல்லாரும் கையை மேல தூக்கி வைச்சிருந்து, அந்த வரி வரேக்கை ஒரேயடியாக் கீழ போடுவினம். "கைய்யே கீலே வ்விடு!" கருத்துத் தெரியாது, ஆனாக் கத்துவினம். நான் பின்னுக்கு நிண்டு அழுதனான்.

றேடியோவில ஒருத்தி யதுவைக் கேட்டாள், இந்த வரிக்கு என்ன கருத்து எண்டு. யது சொல்லுறாள், "எங்கட வீட்டில நாங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லுறது." எல்லாரும் சிரிக்கினம். வீட்டுக் கதையை வெளியில சொல்லுறதோ? அம்மாவின்ர மானம் என்ன ஆகிறது? வீட்டை வந்தாப் பிறகு கேட்டனான். வாய் காட்டினாள். ஒரு தட்டுத்தான். அடுத்த நாள் படம் எடுக்க இருந்தது, உதட்டுக்கு மேல பூசி மறைச்சுப்போட்டினம். படம் வடிவா வந்தது.

அந்த நியூகாசிலில இன்னொண்டு நடந்தது. பாட்டு முடிஞ்சு வானில ஏறேக்கை ஒரு குடிகாரன் கேஷாவைப் பாத்து ஒரு சொல்லுச் சொன்னான், தோல் நிறத்தைப் பற்றி. நான் அவனை இழுத்துக்கொண்டுபோய் வான் கதவுக்குள்ள அவன்ர கையை வைச்சுச் சாத்தினன். ஒருக்கால், பேந்து இன்னொருக்கால். அவன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். கேஷா எனக்கு நன்றி சொல்லவேணும்தானே? அவள் வானுக்குள்ள திண்டதெல்லாம் சத்தி எடுத்தாள். அண்டையில இருந்து என்னோட கதைக்கேல்லை. நன்றி கெட்ட சாதி. சாதி எண்டு நான் நிறத்தைச் சொல்லேல்லை, தங்கச்சி, மனிசரைச் சொல்லுறன்.

அதுக்குப் பிறகு டெரெக் சொல்லுறான், "ரூபன், நீ வானுக்குள்ளயே இரு." நாய் மாதிரி! உள்ளுக்கு என்ர தங்கச்சி பாட, சனம் என்ர பாட்டுக்குக் கையைத் தூக்கிப் போட, நான் வெளியில மழைக்குள்ள வானுக்குள்ள. படம் எடுக்கிறவன் ஒருத்தன் யதுவின்ர நாடியைப் பிடிச்சு நிமித்தினான் எண்டு அவன்ர கமராவைச் சுவரில அடிச்சதுக்கும் டெரெக் என்னைத்தான் ஏசினவன். நான் பொறுத்தனான். எவ்வளவைப் பொறுத்தனான் எண்டு ஆரும் கேக்கேல்லை.

இப்ப வாறன் அந்தப் பூமாலைக் கதைக்கு. இதைத்தான் எல்லாரும் பிழை பிழையா எழுதினவை.

ஹரோவில எங்கட சனத்துக்கெண்டே ஒரு நிகழ்ச்சி வைச்சினம். பாட்டு நல்லா ஓடினதுக்கு மரியாதை மாதிரி. அம்மா முதல் வரிசையில, பட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு. பின்னுக்கு மாமன், மச்சான், ஊர்ச் சங்கத்து ஆக்கள், கோயில் ஆக்கள். அந்தக் கிழமை டெரெக் என்னட்டைக் கேட்டவன், "ரூபன், உங்கட ஆக்களுக்கு முன்னால பிள்ளையளுக்கு மரியாதை செய்யவேணும், உங்கட முறையில எப்பிடிச் செய்யிறது?" எண்டு. பாவம், சமாதானமாப் போகப் பாத்தான். நான் சொன்னனான், மாலைதான். எங்கட ஆக்களுக்கு மேடையில மரியாதை எண்டா மாலைதான். பூக்கடை விலாசமும் நான்தான் குடுத்தனான்.

பிள்ளையள் பாடி முடிச்சுது. சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. டெரெக் மேடைக்கு வாறான், கையில றோசாப்பூ மாலை. நேர போனான் யதுவிட்டை. கையில குடுக்கிறான் எண்டு நான் நினைக்கிறன். இரண்டு கையாலயும் விரிச்சு, கழுத்தில போட்டான்! ஒரு ஆம்பிளை, கலியாணம் கட்டாத பெட்டையின்ர கழுத்தில, சனத்துக்கு முன்னால, மாலையை! ஹோல் அப்பிடியே அடங்கிப்போச்சு. அம்மா வாயில கையை வைச்சா. எனக்குப் பின்னால ஒரு கிழடு, சங்கத்து ஆள், மெல்லமாச் சொல்லுது, "மாப்பிளை வெள்ளையோ? பரவாயில்லை, வசதியான ஆள்தான்." நாலைஞ்சு பேர் சிரிக்கினம்.

பிறகு கோர்ட்டில சொன்னவை, தட்டில மூண்டு மாலை இருந்ததாம். மூண்டு பேருக்கும் போட வந்தவனாம். நடுவில நிண்டதால யதுவுக்கு முதல் போட்டவனாம். நான் ஒரு மாலையைத்தான் கண்டனான். ஜெனிற்றா சொன்னாள், மாலை எண்டு சொல்லிக் குடுத்தது ரூபன் அண்ணைதான், கையில குடுக்கச் சொல்லி அவர் சொல்லேல்லை எண்டு. இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற விசயமோ? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்கட ஆக்களோட பழகுறவனுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். அதுக்கு நான் என்ன செய்யிறது?

மேடையில ஏறினது எனக்கு ஞாபகம் இல்லை. அவன்ர மொட்டைத் தலை மேடைப் பலகையில மோதின சத்தம் ஞாபகம். முகத்தில எங்க அடிக்கிறன் எண்டு பாக்கேல்லை. பல்லு ஒண்டு என்ர முட்டியில ஏறி நிண்டது, இந்தா அடையாளம். சனத்துக்குள்ள இருந்த பொடியள் இதுவும் நிகழ்ச்சி எண்டு நினைச்சுதுகளோ என்னவோ, கையைத் தூக்கித் தூக்கிப் பாடத் தொடங்கிட்டுதுகள். "இரண்ணா இரு, கையைக் கீழ விடு." ஹோல் முழுக்க. நான் அடிக்க அடிக்க அந்தப் பாட்டு. என்ர பாட்டு.

யது ஓடிவந்து நடுவுக்குள்ள பூந்தாள். நான் அவளுக்கு அடிக்கேல்லை. அவனுக்குக் குடுத்த அடி, அவள் வந்து தலையை நீட்டினா நான் என்ன செய்யிறது? செவிட்டைப் பொத்தி விழுந்தது. ஒரு தட்டுத்தான். காதில இருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. தோடு குத்தியிருக்கும். பெரிய தோடு போடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். அப்பத்தான் ஜெனிற்றா மைக் ஸ்ராண்டைத் தூக்கி என்ர நெத்தியைப் பிளந்தாள். இஞ்ச பாருங்கோ, தையல். அவளை ஒருத்தரும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகேல்லை! எனக்கு மட்டும்தான் மறியல், ஜெயில்.

அதோட வாயாடீஸ் முடிஞ்சுது. இரண்டு கோடை கூட முழுசா இல்லை. இரண்டாம் பாட்டைப் பதிய யது போய் நிண்டாளாம், சுருதியில நிக்கேலாமல் போச்சாம், ஒரு பக்கம் ஒண்டும் கேக்கேல்லையாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு காது போயிருக்கும். பாட்டுக்காரருக்கு அது வாறதுதானே. மற்ற இரண்டும், அவள் இல்லாட்டி நாங்களும் பாட மாட்டம் எண்டிட்டுதுகள். கேஷா இப்ப நேர்ஸ். ஜெனிற்றா சட்டம் படிச்சவள். ஆரைப் பாத்துப் படிச்சாளோ தெரியேல்லை.

மறியலுக்கு அம்மா ஒருக்கால் வந்தவ. கண்ணாடிக்கு அங்கால இருந்து அழுதவ. "உன்னைப் பெத்த வயித்தில நெருப்பை வைச்சிருக்கலாம்" எண்டிட்டுப் போனவ. வயசு போனா மனிசர் உப்பிடித்தான் கதைப்பினம். இப்ப போன் எடுக்கிறேல்லை. யதுவோடதான் இருக்கிறாவாம். வீடு எங்க எண்டும் ஒருத்தரும் சொல்லுகினமில்லை. யதுவுக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு கோர்ட் சொல்லியிருக்கு. வெள்ளைக்காரன்ர சட்டம். தங்கச்சிக்கு அண்ணன் கிட்டப் போகக்கூடாதாம்! கேட்டியளே ஒரு விசர்க் கதை?

அதுதான் இண்டைக்குப் போறன். இத்தினை வருசத்துக்குப் பிறகு, தனிய, ஒரு காதை வைச்சுக்கொண்டு மேடை ஏறுறாள். என்ர பிள்ளை. இந்தப் பைக்குள்ள என்ன தெரியுமோ? கொஞ்சம் திறக்கிறன், பாருங்கோ. றோசாப்பூ. அதே கடையில கட்டினது, ஈரத்துணி சுத்தி வைச்சிருக்கிறன். அவள் பாடி முடிய, சனத்துக்கு முன்னால, நான் என்ர கையால கழுத்தில போடவேணும். வெள்ளைக்காரன் போட்டது அவமானம். அண்ணன் போட்டா மரியாதை. அண்டைக்குக் கெட்டதை நான்தான் சரிப்படுத்தவேணும், வேற ஆர் இருக்கினம்?

அவள் வேண்டாம் எண்டால்? அவள் ஏன் வேண்டாம் எண்டுறாள்? சொல்ல மாட்டாள். நான் சொல்ல விட மாட்டன்.

வாசலில மட்டும் ஒரு கரைச்சல். என்ர படத்தை வாசல்காரருக்குக் குடுத்து வைச்சிருக்கினமாம். ஜெனிற்றாவும் நிப்பாள். ஆனா அந்த ஹோலுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கு, உள்ளுக்கிருந்து தள்ளினாத் திறக்கும், போன கிழமை போய்ப் பாத்தனான். நீங்கள் ரிக்கெட்டோட உள்ளுக்குப் போவியள்தானே. கடைசிப் பாட்டு வரேக்கை, அந்த "இரண்ணா இரு" வரேக்கை, மெல்லமாப் போய் அந்தக் கதவைத் தள்ளிவிட்டாக் காணும். அவ்வளவுதான் தங்கச்சி. ஒரு அண்ணனுக்குச் செய்யிற உதவி. கடவுள் உங்களைத்தான் எனக்குப் பக்கத்தில கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்.

ஏன் தலையை ஆட்டுறியள்? என்ன, ஏலாதோ? நான் இவ்வளவு நேரம் ஆருக்குச் சொன்னனான்?

எங்க எழும்பிறியள்? பாத்ரூமுக்கோ? போனையும் கொண்டோ? ஆருக்கு அடிக்கப் போறியள்? ஜெனிற்றாவுக்கோ? அவளைத் தெரியுமோ உங்களுக்கு? தெரியாட்டி ஏன் நடுங்கிறியள்? இருங்கோ. இருங்கோ எண்டு சொல்லுறனெல்லோ! இரடி!

பாத்தியளே, சொல்லுக் கேட்டா இப்பிடி ஆகாது. ஒண்டும் இல்லை, சும்மா மணிக்கட்டைத்தான் பிடிச்சிருக்கிறன். மெல்லமாத்தான். நோகுது எண்டு கத்தினா? எப்பிடி நோகும்? நீங்கள் இழுக்கிறதாலதான் நோகுது, இழுக்காமல் இருங்கோ. ஐயோ, பை! மாலை விழுந்திட்டுது, காலை எடுங்கோ, பூவில மிதிக்காதையுங்கோ, மிதிக்காதையுங்கோ எண்டு...

இந்தா, முன்னுக்கு இருக்கிற மனிசி எழும்பிப் பாக்குது. என்ன பார்வை? ட்ரைவரும் கண்ணாடியில பாக்கிறான். பஸ்ஸை ஏன் ஓரங்கட்டுறான்? இன்னும் பெர்மிங்காம் வரேல்லையே. எல்லாரும் ஏன் என்னைப் பாக்கினம்? நான் இருந்த இடத்தை விட்டு அசையேல்லை.

அழாதையுங்கோ தங்கச்சி. சனம் பிழையா நினைக்கப்போகுது. ட்ரைவர் எழும்பி வாறான். எனக்கு இங்கிலீஷ் அவசரத்துக்கு வராது, நீங்கள்தான் அவனுக்குச் சொல்லவேணும். நாங்கள் அண்ணன் தங்கச்சி மாதிரிக் கதைச்சுக்கொண்டு வந்தனாங்கள், இவர் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ. அழாமல், சிரிச்ச முகத்தோட சொல்லுங்கோ. முதல்ல நீங்கள் சொல்லுங்கோ. பிறகு நான் கையை விடுறன்.